கோவிந்தன் முகத்தின் அளவு

இண்டூர்,
12 ஜூன் 2024

நிர்மலாவுக்கு,

நீ நலம் என்று எனக்கே தெரியும். உங்கள் யூனிவர்சிட்டி இணையதளத்தில் படம் பார்த்தேன், மூக்குக்கண்ணாடி மாற்றியிருக்கிறாய். என் பக்கம் சர்க்கரை, முட்டிவலி, வாய் மூன்றும் கட்டுக்கடங்காமல் இருக்கின்றன. முதல் இரண்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர் கொடுக்க மனசில்லாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐதராபாத்துல இருந்து வந்துருக்குதுங்க்கா. நோட்டீஸுங்களா?" என்றார். போன் வேண்டாம், காகிதத்தில் எழுது என்று உன்னைக் கேட்டுக்கொண்டவளே நான்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும். ஊர் குரூப்பில் கோவிந்தனின் தலைச்சாயத்தைப் பற்றி நான் போட்ட ஒரே ஒரு வரி, ஸ்கிரீன்ஷாட்டாகி ஏரியூர் வரை போய் அவன் மச்சினன் கண்ணில் பட்டுத் திரும்பி வந்தது. அன்றிலிருந்து எனக்கு உறை ஒட்டிய காகிதத்தின் மேல்தான் நம்பிக்கை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். என் கடையில் பத்து வருஷமாக அடித்த அரசியல் பேனர்களின் ஃபைல் எல்லாம் உனக்கு வேண்டும். கம்ப்யூட்டர் அதிலுள்ள முகங்களைக் கண்டுபிடித்து, அளந்து, யார் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று குறித்து, கட்சிக்குள் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று சொல்லுமாம். இதைத்தான் எங்கள் பஸ் ஸ்டாப் டீக்கடையில் தினமும் சொல்கிறார்கள். அவர்களுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

ஆனால் நீ இடம் பார்த்துத்தான் கை வைத்திருக்கிறாய். பேனரில் மேலே தலைவர்கள், நடுவில் பெரிய ஆள், கீழே வரிசையாகத் தபால்தலை மாதிரி சின்னச் சின்ன முகங்கள். அந்தக் கீழ்வரிசையில் இடம் கிடைக்கவே கும்பிடு போடுகிறவர்கள் உண்டு. "அவன் மூஞ்சிய விட என் மூஞ்சி ஒரு சுத்து கம்மியா இருக்குதே, ஏனுங்க்கா?" என்று கேட்டு வந்து கடையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காதவர்களும் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போனால்கூட மறந்துவிடுவார்கள். பேனரில் முகம் சின்னதானால் மறக்க மாட்டார்கள்.

இந்த ஃபைல்களில் பாதிக்குப் பாதி கோவிந்தன்தான், தோளில் எப்போதும் அந்தப் பச்சைத் துண்டோடு. ஒன்றியச் செயலாளர். இந்த வருஷத்துக்குள் மாவட்டச் செயலாளர் ஆகிவிடுவான் என்று பேச்சு.

என் வீட்டுக்காரன் மாது போய் ஆறு வருஷம் ஆகிறது. நீ சாவுக்கு வரவில்லை, கருத்தரங்கு என்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை, எழுதுவதோடு சரி. அன்றைக்குப் போனில் அழுதுகொண்டே சொன்னதில் பாதி உனக்கு விளங்கியிருக்காது. கோவிந்தன் கேட்டான் என்று மாது வேன் ஓட்டிக்கொண்டு சேலத்துக்கு மாநாட்டுக்குப் போனான். தொப்பூர் கணவாயில் ஆட்கள் டீ குடிக்க இறங்கினார்கள். இவன் ஸ்டியரிங்கில் தலை வைத்துக் கண்ணயர்ந்தான். பிரேக் பிடிக்காத லாரி பின்னால் வந்தது. வழக்கு தன் பக்கம் திரும்பிவிடுமோ என்று பயந்து கோவிந்தன் போலீஸில் என்ன சொன்னான் தெரியுமா? "அந்தாளு எங்க ஆளே இல்லீங்க. எதோ சொந்த சோலியா சேலம் போயிருக்காப்ல." வேனில் வந்த பன்னிரண்டு பேரும் அதையே சொன்னார்கள். கட்சிக்குப் போஸ்டர் ஒட்டி ஒட்டிக் கையில் பசை காயாத மனுஷன், ஒரே ராத்திரியில் யாரோ ஆகிவிட்டான்.

அந்தக் கோவிந்தன் மாவட்டச் செயலாளர் ஆகக் கூடாது. எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. அவனுக்கே பேனர் அடித்துக் கொடுக்கிறாயே, கை கூசவில்லையா என்று கேட்பாய். கூசவில்லை.

ஹார்ட் டிஸ்கைப் பழைய பட்டுப்புடவைத் துண்டில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். துண்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம், டிஸ்கை அனுப்பு.

உன்,
சசிகலா

*

ஹைதராபாத்,
28 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சசி,

டிஸ்க் பத்திரமாக வந்தது. துண்டை என் கம்ப்யூட்டருக்குப் போர்த்தியிருக்கிறேன். மாணவர்கள் என்னமோ பூஜை என்று நினைக்கிறார்கள்.

சாவுக்கு வராததைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். மாது எனக்கும் காலேஜ் சிநேகிதன்தான்.

வேலையைச் சொல்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு எண் கொடுத்திருக்கிறோம். யாரையும் காட்டிக்கொடுக்கும் ஆய்வு இல்லை இது. தேர்தல் முடிவுகளையும் கட்சிகள் வெளியிட்ட பதவி அறிவிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முகம் வளர்கிறவர் பதவிக்கு வருகிறார் என்பது எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் இறங்குமுகத்தில் இருக்கிறது. உள்ளூர் ஆதரவு கரைவது பதவி போவதற்கு வெகு முன்பே பேனரில் தெரிந்துவிடுகிறது. அதற்கு மிகத் தெளிவான உதாரணம் நபர் 14. ஆறு வருடமாக அவர் முகம் ஒரு தடவைகூட ஏறாமல், சட்டென்று விழாமல், வழவழவென்று இறங்குகிறது. நான் இருபது வருடமாக எண்களோடு மாரடிக்கிறேன், இவ்வளவு சுத்தமான கோட்டைப் பார்த்ததில்லை.

நபர் 14 யார் என்று நீ கேட்கக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன்.

கட்டுரையின் முன்வரைவை இணையத்தில் போட்டிருக்கிறோம். ஒரு பத்திரிகைக்காரர் பேசினார், எழுதுவார் போலிருக்கிறது.

உன் பொங்கல் காலண்டர் என் மேசைமேல்தான் இருக்கிறது. வருஷா வருஷம் அதே விடுதிப் படிக்கட்டு, அதே நீயும் நானும். போன வாரம் சும்மா ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், தொழில் பழக்கம். இரண்டு முகமும் ஒரே அளவு. சந்தோஷமாக இருந்தது.

பிரியமுள்ள,
நிர்மலா

*

இண்டூர்,
9 அக்டோபர் 2024

அடி என் கெட்டிக்காரி,

நபர் 14 யார் என்று நான் கேட்கவில்லை. ஊரே வந்து எனக்குச் சொல்லிவிட்டது.

பத்திரிகையில் உன் கட்டுரையைப் பற்றி வந்ததும் யாரோ தமிழில் போட்டுக் குரூப்பில் விட்டார்கள். "பேனரில் முகம் சுருங்கினால் பதவி போகும். கணினி கண்டுபிடிப்பு." அந்த யாரோ நான்தான். கீழே ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: "அந்த நபர் 14, பச்சைத் துண்டு போடும் ஒன்றியச் செயலாளராமே, யாருங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க." நான் பெயர் சொல்லவில்லை பார், உன் ஆய்வு ஒழுக்கத்தைக் காப்பாற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு கடையில் நடக்கிற கூத்தை நீ வந்து பார்க்க வேண்டும். வருகிறவன் எல்லாம் சட்டைப்பையில் இஞ்ச் டேப்போடு வருகிறான். பழைய பேனரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து தரையில் விரித்து, முழங்கால் போட்டுத் தன் தாடையை அளக்கிறான். ஒருத்தர், "எனக்குக் காதோட சேத்து அளங்க்கா, காதும் மூஞ்சிதானுங்களே" என்று ஒரே சண்டை. டிசைன் போடும் பிளசி கேட்டாள், "மீசைய நீட்டி உடட்டுங்களா? கம்ப்யூட்டரு அதையும் மூஞ்சில சேத்துக்கும்." மீசைக்குத் தனி ஆர்டரே வந்தது.

கோவிந்தன் விஷயத்துக்கு வருகிறேன். சென்னையிலிருந்து கட்சிக்கு வேலை பார்க்கும் கம்பெனி ஆட்கள் லேப்டாப்போடு வந்து தர்மபுரி லாட்ஜில் இறங்கினார்கள். கோவிந்தனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கோட்டைக் காட்டினார்களாம். "சார், உங்க கிராஃப் இறங்கிட்டே வருதே, ஏன்?" இவன் என்ன சொல்வான்? "போட்டோகிராபர் சரியில்லைங்க" என்றிருக்கிறான். விஷயம் அன்று சாயங்காலமே தொப்பூர் வரை போய்விட்டது. மறுநாள் பிடித்து அவன் காரில் ஏற ஆள் இல்லை. மூன்று கார் போகும் கூட்டத்துக்கு ஒரு காரில் போகிறான், அதிலும் பின் சீட்டில் மாலைக் கூடை. பேனர் கொடுக்க வருகிறவர்கள், "கோவிந்தண்ணன் படம் வேணுங்களா?" என்று பிளசி கேட்டால், "கீழ வரிசைல எங்கியாவது வச்சுருங்க" என்கிறார்கள். பென்னாகரத்துக்காரர் ஒருவர் பெயர் மாவட்டச் செயலாளர் பதவிக்கு அடிபடுகிறது.

நேற்று கோவிந்தனே வந்தான். கடைக்கு வெளியிலேயே நின்றான். "ஏம்மா சசிகலா, எம் மூஞ்சி நெசமாவே சின்னதாயிட்டு வருதா?" என்றான். நான், "வயசாவுதில்லீங்ண்ணா" என்றேன். அவன் போன பிறகு இரண்டு டீ குடித்தேன், சர்க்கரை போட்டு.

டிசம்பரில் அறிவிப்பு வரும் என்கிறார்கள். மாது படத்துக்கு முன்னால் உன் கட்டுரையை வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் அவனுக்கும் வராது, எனக்கும் வராது. படத்தில் உள்ள கோடு புரிகிறது.

உன் அடிமை,
சசிகலா

*

ஹைதராபாத்,
2 நவம்பர் 2024

சசி,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று எழுதுகிறேன்.

நீ ஊரில் கிளப்பிவிட்டதைப் பற்றிப் பேசப் போவதில்லை, அந்தச் சண்டையைப் பிறகு போடலாம். உன் கடிதம் வந்ததும் நபர் 14-இன் எண்களைத் திரும்ப எடுத்தேன். முகத்தின் அளவு ஒவ்வொரு பேனருக்கும் முந்தைய பேனரைவிட இரண்டு சதவீதம் குறைவு. சராசரியாக இல்லை. ஒவ்வொன்றுக்கும். பிறந்தநாளானாலும் சரி, திருவிழாவானாலும் சரி, இரண்டு. மனிதர்களின் அன்பு இப்படிக் குறையாது சசி. ஒரு மாதம் சட்டென்று விழும், ஒரு மாதம் ஏறும், யாராவது காதுகுத்துக்குக் கூப்பிட்டால் கொஞ்சம் வீங்கும்.

அதனால் ஃபேஸ்புக்கில் ஊர்க்காரர்கள் போட்ட கூட்டப் படங்களில் பின்னால் தெரியும் பேனர்களை எடுத்து அளந்தோம். மற்ற கடைகளில் அடித்தவை. அவற்றில் கோவிந்தன் முகம் சுருங்கவே இல்லை. ஆமாம், பெயரை எழுதிவிட்டேன், இனி என்ன.

முகம் குறைந்த அளவுக்குத் தோளில் கிடக்கும் துண்டு பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. கடைசி ஃபைலில் அவர் துண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறார்.

நான் பத்து வருட அரசியலை அளந்தேன் என்று நினைத்தேன். எதை அளந்திருக்கிறேன் என்று நீதான் சொல்ல வேண்டும்.

நிர்மலா

*

இண்டூர்,
8 நவம்பர் 2024

நிர்மலா,

என்னைத்தான் அளந்திருக்கிறாய்.

மறைக்கிற உத்தேசம் இல்லை. நீ டிஸ்க் கேட்டபோது உன் கண்ணில் படாது என்று நினைத்தேன். ஆறு வருஷமாக அவனுக்கே படவில்லையே. துண்டைப் பெரிதாக்கினது என் சொந்த யோசனை. ஆளுக்குத் தன் இடம் நிறைந்திருந்தால் போதும், எதனால் நிறைந்திருக்கிறது என்று பார்க்க மாட்டான்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. மாது செத்த மூன்றாம் நாள் கோவிந்தன் என் கடையிலேயே கண்ணீர் அஞ்சலி பேனருக்குச் சொல்லி அனுப்பினான். நான் வீட்டில் விழுந்து கிடந்தேன், பிளசிதான் போட்டுக் கொடுத்தாள். கோவிந்தன் கைகூப்பியபடி ஆளுயரத்துக்கு நிற்கிறான். மாது மூலையில், ஒரு சாண். செத்தவனைவிட அழுகிறவன் பெரிதாக இருந்த பேனர் அது. அதையும் பொறுத்துக்கொண்டேன். காலையில் கட்டினார்கள். மதியம் வக்கீல் சொல்லியிருக்கிறான், "உங்க ஆள் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு நீங்களே அஞ்சலி கட்டினா எப்படிங்க?" பொழுது சாய்வதற்குள் அவிழ்த்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒரு நாள் பில் விஷயமாகக் கோவிந்தன் தோட்டத்துக்குப் போனேன். வைக்கோல் போர்மேல் மழைக்கு மூடியிருந்தது அந்தப் பேனர். கோவிந்தன் படம் உள்பக்கமாக மடிந்திருந்தது. மாது மட்டும் வெளியே, வானத்தைப் பார்த்துக்கொண்டு. மூக்கின்மேல் ஒரு காக்காய். கோவிந்தன் மனைவி நஞ்சம்மாள் நல்லவள், மோர் கொடுத்தாள். குடித்தேன். கடைக்கு வந்து அவனுடைய அடுத்த பேனரைத் திறந்தேன், முகத்தைப் பிடித்து இரண்டு சதம் உள்ளே தள்ளினேன். அன்று ராத்திரிதான் முதல்முறையாகத் தூங்கினேன்.

இதைத்தான் நான் செய்தேன், நிர்மலா. கத்தி எடுக்கத் தெரியாது, கேஸ் நடத்த வசதி இல்லை, சாபம் விட்டால் எனக்கே சிரிப்பு வருகிறது. என் கையில் மவுஸ்தான் இருந்தது.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் தப்பை நீ திருத்தாதே என்று சொல்லவில்லை. டிசம்பர் அறிவிப்பு வரும்வரை பொறு. அவனுக்கு அது போன மறுநாள் நீ உலகத்துக்கெல்லாம் சொல்லு, சசிகலா பித்தலாட்டக்காரி என்று. நானே ஃபிளெக்ஸ் அடித்துத் தருகிறேன், என் முகத்தைப் பெரிதாகப் போட்டு.

சசிகலா

*

ஹைதராபாத்,
14 நவம்பர் 2024

சசி,

வைக்கோல் போர் பற்றிப் படித்ததிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை. மூன்றாம் நாள் நான் அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஆனாலும் பொறுக்க முடியாது. பொய் என்று தெரிந்த பிறகு ஒரு எண்ணை ஒரு நாள் நிற்கவிட்டாலும் அது என் பொய். அதை நம்பி ஒரு கட்சி முடிவெடுக்கிறது, நாளை வேறு ஊரில் வேறு யாருக்கோ இதே கோட்டைக் காட்டுவார்கள். இன்று காலை கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். வடிவமைப்பாளர் ஒருவர் தனிப்பட்ட காரணத்துக்காக ஒரு முகத்தைத் திட்டமிட்டுக் குறைத்து வந்தார் என்று எழுதியிருக்கிறேன். பத்திரிகைக்கும் அனுப்பிவிட்டேன். உன் பெயர் எங்கேயும் இல்லை.

இதைத் தபாலில் போடும்போதே அது இணையத்தில் வந்திருக்கும். உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ என்னை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன்.

கோபம் தீர்ந்ததும் எழுது.

நிர்மலா

*

இண்டூர்,
10 ஜனவரி 2025

பேராசிரியர் நிர்மலாதேவி அவர்களுக்கு,

பொங்கல் வாழ்த்து.

என் பெயரை நீ போடவில்லை. இண்டூர் பஸ் ஸ்டாப்பில் "வடிவமைப்பாளர் ஒருவர்" எத்தனை பேர் இருக்கிறோம் என்று உன் கம்ப்யூட்டரிடம் கேட்டிருக்கலாம்.

கோவிந்தன் மாவட்டச் செயலாளர் ஆகிவிட்டான். சாதாரணமாக ஆகியிருந்தால் பரவாயில்லை. "சூழ்ச்சியை வென்ற செம்மல்" என்று பட்டத்தோடு ஆகிவிட்டான். அவன் காரில் ஏற மறுத்தவர்கள் எல்லாம் இப்போது டிக்கியில்கூட உட்காரத் தயார்.

பதவி வந்த மறுநாள் கடைக்கு வந்தான். இந்தத் தடவை உள்ளே வந்து, என் நாற்காலியிலேயே உட்கார்ந்தான். திட்டுவான் என்று பார்த்தேன். சிரித்தான். "ஏம்மா சசிகலா, வேற கடைக்குப் போவேன்னு நெனச்சியா? உன் கையாலதான் எம் மூஞ்சி பெருசாவோணும். அறுவது பேனரு. தொப்பூர் கணவாய்ல ஆரம்பிச்சு தர்மபுரி நாலு ரோடு வரைக்கும். ஒன்னு ஒன்னா எங்க ஆளு அளந்து பாத்துதான் வாங்குவாப்ல."

"ஆவட்டுங்ண்ணா" என்றேன்.

"அந்தப் பேராசிரியரம்மா போட்டோவையும் வையி. உண்மைய ஒத்துக்கிட்டாங்கல்ல. உன் சிநேகிதியாமே?"

வைத்தேன். புது மூக்குக்கண்ணாடியோடு, யூனிவர்சிட்டி படம். கோவிந்தன் தோளுக்குப் பக்கத்தில் அறுபது இடத்தில் நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய். மாது சாவுக்கு வராத நீ, அவன் செத்த கணவாய்க்கு இப்படியாவது வந்து சேர்ந்தாய்.

அவன் ஆள் ஒருவன் கடையிலேயே பாய் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பேனரையும் அளந்தான். கோவிந்தன் முகம் மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், காதோடு சேர்த்து. நூல் பிசகவில்லை. துண்டையும் அளந்தான். ரொம்ப உஷாரான ஆள். கீழ்வரிசையில் இருக்கும் நாற்பது சின்ன முகங்களை மட்டும் அவன் அளக்கவில்லை. அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்.

கீழ்வரிசையில் கடைசி முகம் மாது.

போலீஸில் "எங்க ஆளே இல்லீங்க" என்று சொன்னவனுடைய பேனரில், கழுத்தில் கட்சித் துண்டோடு நிற்கிறான். தொப்பூரில் ஒரு சாண். அடுத்ததில் இரண்டு சதம் கூட. அதற்கடுத்ததில் இன்னும் இரண்டு. டோல்கேட்டைத் தாண்டும்போது பக்கத்தில் இருக்கும் கிளைச் செயலாளரின் காதை இடிக்கிறான். நாலு ரோட்டில் மூன்று சாணுக்கு மேல். கோவிந்தன் திறந்த ஜீப்பில் கும்பிட்டுக்கொண்டு அத்தனையையும் கடந்து வந்தான். நான் நாலு ரோட்டில் நின்று அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பேனரிலும் தன் முகத்தைத்தான் பார்த்தான். அடுத்த மாதம் அவனுக்குப் பிறந்தநாள், நூறு பேனருக்குச் சொல்லியிருக்கிறான். விட்ட அளவிலிருந்து ஆரம்பிப்பேன். ஒரு நாள் பார்ப்பான். அன்றைக்கு "இது யாரு?" என்று கேட்க வேண்டும் அல்லவா? கேட்கட்டும். ஊர் முன்னால் கேட்கட்டும்.

அறுபது ஃபைலும் இதோடு அனுப்பியிருக்கிறேன். உன் நிரலில் போட்டால் ஒரு முகம் ஏறுவது தெரியும், நீ பார்த்ததிலேயே சுத்தமான கோடாக இருக்கும். அதற்கு எண் எதுவும் கொடுக்காதே. அவனுக்குப் பெயர் உண்டு, உனக்கும் தெரிந்த பெயர். இதையும் உலகத்துக்குச் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் உன் இஷ்டம். பொறு என்று இனி உன்னைக் கேட்க மாட்டேன்.

காலண்டரும் வைத்திருக்கிறேன். அதே படிக்கட்டு, அதே நீயும் நானும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உனக்குத்தான் ஸ்கேல் வைக்கும் பழக்கம் உண்டே, வைத்துப் பார். உன் முகம் மட்டும் இரண்டு சதம் கம்மி. அடுத்த பொங்கலுக்கும் அனுப்புவேன்.

இப்படிக்கு,
வடிவமைப்பாளர் ஒருவர்